வீட்டுச் சுவரில் கேஸ் கணப்பு: மூணாறு மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பிறந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் விடிகாலையில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் படத்தை யாராவது அனுப்பியிருப்பார்கள். அடுத்த அழைப்பு ஏதாவது ஒரு ஹோம்ஸ்டேயிலிருந்து வரும்: "அண்ணே, சுவத்துக்குள்ள பதிக்கிற கேஸ் ஃபயர்பிளேஸ் ஒண்ணு வைக்கணும். எவ்வளவு ஆகும்?"

மூணாறு, தேவிகுளம், மறையூர், பூப்பாறை என்று இந்த மலையில் கேஸ் லைன் வேலை செய்கிறவன் நான். கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தீயை எரிய வைப்பது அரை மணி நேர வேலைதான். அந்தத் தீ எங்கிருந்து காற்றை எடுக்கும், எரிந்த புகையை எங்கே விடும் என்பதற்கு வழி செய்வதுதான் மற்ற எல்லா வேலையும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

சுவரில் பதிக்கிற கேஸ் கணப்பு என்பது என்ன?

எஸ்டேட் பங்களாக்களில் நாம் பார்த்த கணப்பில் கிராண்டிஸ் (ஒரு வகை யூகலிப்டஸ்) விறகை அடுக்கி எரிப்பார்கள். அந்த இடத்தில் ஒரு இரும்புப் பெட்டியை வைத்து, உள்ளே கேஸ் பர்னர், அதன்மேல் விறகு போலவே செய்த பீங்கான் கட்டைகள், முன்னால் தடித்த கண்ணாடி. இதுதான் கேஸ் கணப்பு. பெட்டி முழுவதும் சுவருக்குள் போய்விடும், வெளியே தெரிவது கண்ணாடியும் தீயும் மட்டுமே. சாம்பல் அள்ள வேண்டாம், நனைந்த விறகோடு போராட வேண்டாம்.

எத்தனை வகை இருக்கிறது? எதை வாங்கலாம்?

மூன்று வகை. முதலாவது, கண்ணாடியால் முழுக்க அடைத்தது. இதற்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் இருக்கும். வெளிக்குழாய் வழியே வெளியிலிருந்து காற்று வரும், உள்குழாய் வழியே புகை போகும். அறையின் காற்றை இது தொடுவதே இல்லை. இரண்டாவது, முகப்பு திறந்தது. அறைக் காற்றை எடுத்துக்கொண்டு, புகையைப் புகைக்கூண்டு வழியே மேலே விடும். பார்க்க மிக அழகு, ஆனால் சூட்டில் பெரும்பகுதி புகையோடு கூரைக்கு மேலே போய்விடும். மூன்றாவது, புகைக்குழாயே இல்லாதது.

ஆட்கள் தூங்கும் அறைக்கு முதல் வகை மட்டும்தான் வைப்பேன். நல்ல மாடலில் எரிகிற கேஸின் சூட்டில் நான்கில் மூன்று பங்கு அறைக்குள் தங்கும்.

புகைக்குழாயே வேண்டாம் என்ற மாடலைக் கடையில் காட்டினார்கள். சுவரை உடைக்கவும் வேண்டாம் என்கிறார்கள். ஏன் மறுக்கிறீர்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் சிலிண்டரில் இருக்கும் கேஸ் 1 கிலோ எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். எரிந்து முடிந்ததும் சுமார் 3 கிலோ கரியமில வாயுவும் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீரும் நீராவியாக வெளியே வரும். 15 அடிக்கு 12 அடி, 9 அடி உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 46 கன மீட்டர்தான். நடுத்தரமான கணப்பு மணிக்கு 400 கிராம் எரிக்கும். நான்கு மணி நேரம் எரிந்தால் 19 கன மீட்டர் காற்றைத் தின்றிருக்கும். குளிருக்கு பயந்து நாம் என்ன செய்கிறோம்? கதவின் அடியில் துணியைத் திணிக்கிறோம், ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டுகிறோம். விருந்தினர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள்.

காற்று குறையக் குறைய தீ சரியாக எரியாது. அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி வருவதுபோல ஒரு உணர்வு. மலையேறி வந்த களைப்பு என்றே நினைத்துக்கொள்வார்கள். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்த உணர்வும் தெரியாது.

2020 ஜனவரியில் நேபாளத்தில் டாமன் என்ற மலை ஊருக்குக் கேரளாவிலிருந்து சுற்றுலா போன 8 பேர், விடுதியின் ஒரே அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். எட்டுப் பேரும் இறந்துபோனார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். அந்தச் செய்தி வந்த வாரம், நான் முன்பு வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்து ஜன்னல் மேல் காற்றுத்துளையை யாராவது அடைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். இரண்டு வீட்டில் அடைத்திருந்தார்கள்.

அந்த மாடல்களில் ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் சென்சார் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு சென்சாரை நம்பி ஒரு குடும்பத்தைத் தூங்கவிட எனக்கு மனம் வராது.

உயிர் ஆபத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஈரம் இருக்கிறது. ஒரு இரவில் இரண்டரை லிட்டர் தண்ணீரை அறைக்குள் தெளித்த கணக்கு. ஏற்கெனவே ஆறு மாதம் மூடுபனியில் ஊறுகிற ஊர் இது. ஒரே சீசனில் மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சை, பீரோவுக்குள் துணியெல்லாம் முடை நாற்றம்.

பழைய பங்களா. கருங்கல் புகைக்கூண்டு இருக்கிறது. அதற்குள் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அந்தக் கூண்டை அப்படியே நம்பக்கூடாது. பல வருடக் கரி, சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடுக்கு, பறவைக் கூடு, சில சமயம் தேன்கூடு. மேலிருந்து விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பேன். ஒருமுறை அப்படி இறக்கியபோது, பக்கத்துப் படுக்கையறையின் மரச் சீலிங் இடுக்கில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. அந்த விரிசல் வழியே புகை எங்கே போயிருக்கும் என்று வீட்டுக்காரருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கூண்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை மேல்வரை இறக்கி, உச்சியில் மழையும் பறவையும் புகாத தொப்பி போட வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அறைக்கு எத்தனை கிலோவாட் வேண்டும்?

மேலே சொன்ன அளவு அறைக்கு 4 கிலோவாட் தாராளம். தகரக் கூரையும் பலகைச் சீலிங்கும் என்றால் 5 வரை போகலாம். "பெரிசா வச்சிருங்க" என்று கேட்பவர்கள்தான் பிறகு உஷ்ணம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேஸை எரிக்கிறார்கள். அந்தப் பணத்தில் முதலில் கூரை இடுக்கை அடையுங்கள்.

சிலிண்டர் எத்தனை நாள் வரும்?

1 கிலோ கேஸில் ஏறக்குறைய 12.8 கிலோவாட்-மணி சூடு இருக்கிறது. 5 கிலோவாட் கேஸை எரிக்கும் கணப்பு முழுத் தீயில் மணிக்கு 400 கிராம் குடிக்கும். 19 கிலோ சிலிண்டர் 47, 48 மணி நேரம் வரும். இரவுக்கு நான்கு மணி நேரம் என்றால் 12 நாள். அன்றைய சிலிண்டர் விலையை 12-ஆல் வகுத்துப் பாருங்கள், அறை வாடகையில் கட்டுபடியாகுமா என்று தெரிந்துவிடும்.

சிலிண்டரில் பாதி கேஸ் இருக்கும்போதே, விடிகாலையில் தீ சுருங்கிவிடுகிறது. யாரோ கலப்படம் செய்கிறார்களா?

இல்லை. இது குளிரின் வேலை.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியானால்தான் தீக்கு வரும். அதில் இரண்டு வாயு கலந்திருக்கிறது. புரொப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திக்கொள்ளும். திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையும் இழக்கும். நள்ளிரவு தாண்டி ஒரு டார்ச்சோடு போய் சிலிண்டரைப் பாருங்கள். கீழ்ப்பாதி வியர்த்து, அதன்மேல் மெல்லிய உறைபனி படிந்திருக்கும். கையை வைத்தால் திரவம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று விரலுக்கே தெரியும்: அந்தக் கோட்டுக்குக் கீழே சில்லென்றும், மேலே சாதாரணமாகவும் இருக்கும்.

இதற்கு வழி, இரண்டு சிலிண்டரை ஒரே மேனிஃபோல்டில் (பொதுவான இணைப்புக் குழாயில்) சேர்த்து, இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுப்பது. வேலை பாதியாகப் பிரிவதால் இரண்டும் அவ்வளவு குளிராது. சிலிண்டரைப் படுக்க வைப்பது, வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் கங்குச் சட்டி வைப்பது எதையும் செய்யாதீர்கள். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் வந்து தீ சீறும்.

சிலிண்டரை எங்கே வைப்பது? பின்னால் படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை காலியாக இருக்கிறது.

அங்கே வேண்டாம். இந்தக் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். கசிந்தால் தண்ணீர் போலத் தாழ்வான இடம் தேடி ஓடும். நம் வீடுகள் சரிவில் தட்டுத் தட்டாக இறங்குகிற வீடுகள். மேல்தட்டில் கசிந்த கேஸ் கீழ்த்தட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கோ, சாக்கடைக்கோ, படிக்கட்டு அடிக்கோ போய்த் தேங்கும். அங்கே ஒருவர் லைட் ஸ்விட்சைத் தட்டினால் போதும்.

வெளியே, தரைமட்டத்தில், காற்றோட்டமான கம்பிக் கூண்டு. தகரக் கூரை, நேராக நிமிர்த்திய சிலிண்டர், சங்கிலி. பக்கத்தில் சாக்கடை மூடியும் கூடாது, கீழ்த்தளத்து ஜன்னலும் கூடாது. அங்கிருந்து வீட்டுக்குள் செம்புக் குழாய். ரப்பர் ஹோஸைச் சுவருக்குள் பதிக்கவே கூடாது. சிலிண்டர் பக்கம் போடுகிற அந்த ஆரஞ்சு ஹோஸையும் 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஹோம்ஸ்டே என்றால் 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது குற்றம். லைசென்ஸ் இல்லாமல் மொத்தமாக 100 கிலோ கேஸ்தான் வைத்துக்கொள்ளலாம், அதில் சமையல்கட்டுச் சிலிண்டரும் சேரும்.

சமையல்கட்டு கேஸ் லைனிலிருந்து ஒரு கிளை இழுத்துக்கொள்ளலாமா?

எந்த ரெகுலேட்டர் என்பதைப் பொறுத்தது. வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸ் கொடுக்கும். ஹோட்டல் பர்னருக்குப் போடுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டர் அதைப்போலப் பல மடங்கு கொடுக்கும். ஒரு விடுதியில் இப்படித்தான் பரோட்டாக் கல்லுக்குப் போகிற லைனில் 'T' வடிவ இணைப்பு போட்டுக் கணப்புக்கு இழுத்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டபோது கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, மேலே பதித்த மரப்பலகை கருகியிருந்தது. அன்று அறையில் யாரும் இல்லை. கணப்புக்குத் தனி ரெகுலேட்டர், தனி லைன், கை எட்டும் இடத்தில் தனி வால்வு. இந்த மூன்றும் இல்லாமல் நான் வேலையை முடித்துக் கொடுப்பதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு கணப்பை அனுப்பி வைத்திருக்கிறான். அப்படியே மாட்டலாமா?

முதலில் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஐரோப்பிய மாடல்களில் ஜி20 என்று இருந்தால் அது குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கு. ஜி30 என்றால் பியூட்டேன், ஜி31 என்றால் புரொப்பேன். நம் சிலிண்டருக்குப் பின்னவைதான் பொருந்தும். ஒரே கன அளவில் நம் கேஸில் இயற்கை எரிவாயுவைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் சூடு இருக்கிறது. இயற்கை எரிவாயுவுக்கான பெரிய ஜெட்டில் (பர்னருக்குக் கேஸ் பீச்சும் சின்ன முனை) நம் கேஸை விட்டால் மஞ்சள் தீ ஆளுயரம் எழும்பும், புகையும் கரியும் கொட்டும். ஜெட்டின் ஓட்டையை அடைத்து மீண்டும் ட்ரில் போடுவதாக யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தக் கம்பெனியே அந்த மாடலுக்குத் தரும் மாற்று கிட் இருந்தால் மாற்றலாம், இல்லையென்றால் முடியாது.

இன்னொன்று, உயரம். மூணாறு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் மேலே. இங்கே காற்று 15 விழுக்காடு அளவுக்கு மெலிந்தது. கடலோர ஊருக்கு அளந்து வைத்த ஜெட்டில் இங்கே கேஸ் கூடி, காற்று குறைந்துவிடும். உயரத்துக்கான ஜெட் உண்டா என்று கையேட்டில் பாருங்கள். கொச்சி ஷோரூமில் அழகாக எரிந்த கணப்பு இங்கே வந்து ஏன் மஞ்சளாக எரிகிறது என்ற கேள்விக்கும் பதில் இதுதான்.

சுவர் வேலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கொத்தனாரும் ஆசாரியும் கேஸ்காரரும் ஒரே நாளில் ஒன்றாக நின்று பேச வேண்டும். நம் ஊரில் இது நடப்பதே இல்லை, தப்பெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

பெட்டியைச் சுற்றி இரும்புச் சட்டம், அதன்மேல் கால்சியம் சிலிக்கேட் போர்டு அல்லது சிமென்ட் போர்டு. பிளைவுட் கூடாது, மரச்சட்டமும் கூடாது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கையேட்டில் மில்லிமீட்டர் கணக்கில் போட்டிருப்பார்கள். அதில் தெர்மோகோலையோ பஞ்சையோ திணிக்காதீர்கள். அந்தக் குழிக்குக் கீழேயும் மேலேயும் காற்றுத்துளை வேண்டும். குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடாகி மேலே வெளியேறும். பார்வைக்கு நன்றாக இல்லை என்று மேல்துளையைப் பூசி மறைத்த வீட்டில் மூன்றாம் வாரமே பெயின்ட் மஞ்சளாகிவிட்டது.

கணப்புக்கு நேர் மேலே டிவி மாட்ட ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள்.

கருங்கல் சுவரில் கோர் கட்டிங் மெஷினால் துளை போட வேண்டும். ஒன்றரை அடிச் சுவர் என்றால் ஒரு முழு நாள் வேலை. சுத்தியலும் உளியும் கொண்டு உடைத்தால் துளைக்குச் சுற்றிலும் கல் தளர்ந்து, மழைநீர் இறங்கும். மரச் சீலிங்கைக் கடந்து போகிற குழாய்க்கு, மரம் குழாயைத் தொடாதபடி உலோகத் தடுப்புத் தகடு போட்டே ஆக வேண்டும்.

புகைக்குழாயின் வாய் எந்தப் பக்கம் வர வேண்டும்?

தென்மேற்கு மழையை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். ஜூன், ஜூலையில் இங்கே மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் அடிக்கும். மேற்குச் சுவரில் வாய் வைத்தால் காற்று குழாய்க்குள் புகுந்து தீயை அணைத்துக்கொண்டே இருக்கும். கிழக்கு அல்லது மறைவான பக்கம் நல்லது. ஜன்னலுக்கு அடியிலும் கூரை விளிம்புக்கு ஒட்டியும் வராமல், கையேடு சொல்கிற தூரம் விட வேண்டும். குழந்தைகள் கை எட்டும் உயரம் என்றால் கம்பிக் கூடு போடுங்கள்.

முதல் நாள் ஒரு வாசனை வருகிறது. பயப்பட வேண்டுமா?

பெயின்ட்டும் எண்ணெயும் சூடாகிற வாசனை. ஜன்னல்களைத் திறந்து வைத்து மூன்று நான்கு மணி நேரம் முழுத் தீயில் விடுங்கள், போய்விடும். அன்று அந்த அறையில் யாரும் தூங்க வேண்டாம்.

கண்ணாடி கறுத்துப் போகிறது.

பீங்கான் கட்டையை யாரோ நகர்த்தியிருப்பார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் இடம் உண்டு. தீ கட்டையில் முட்டினால் சரியாக எரியாமல் கரியைக் கக்கும். ஒரு ஹோம்ஸ்டேயில் படம் எடுக்க அழகாக இருக்கட்டும் என்று கட்டைகளைக் குவித்து, மேலே கூழாங்கல்லும் பைன் காயும் வைத்திருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றியபோது என் விரலில் அப்பிய கரி, கண்மை போல வழுவழுப்பாக இருந்தது. கரி வருகிற இடத்தில் கார்பன் மோனாக்சைடும் வரும். கட்டைகளைச் சரியான இடத்தில் வைத்தும் கறுத்தால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் போனால்?

பேட்டரியில் பற்றும் மாடல், அல்லது பைலட் தீயின் (பர்னரைப் பற்றவைக்க எரிந்துகொண்டே இருக்கும் சின்னத் தீ) சூட்டிலேயே வால்வைத் திறந்து வைத்திருக்கும் மாடல் வாங்குங்கள். மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாத நேரத்தில்தானே குளிருக்கு நெருப்பு தேவைப்படும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

கண்ணாடி தோசைக்கல் மாதிரி சூடாகும், அணைத்த பிறகும் நெடுநேரம் ஆறாது. வலைத்தடுப்பு இல்லாமல் வைக்க வேண்டாம்.

அலாரம் வாங்கியிருக்கிறேன். எங்கே மாட்டுவது?

இரண்டு அலாரம், இரண்டு இடம். கேஸ் கசிவு அலாரம் தரைக்கு ஒரு அடி உயரத்தில், ஏனென்றால் கேஸ் கனமானது. கார்பன் மோனாக்சைடு அலாரம் மேலே, சீலிங்குக்குச் சற்றுக் கீழே, கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி. ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்றின் வேலையையும் அது செய்யும் என்று நினைக்கக்கூடாது.

வேலை முடிந்ததும் நான் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

வந்தவர் கையில் அழுத்தம் பார்க்கும் மேனோமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வால்வையும் மூடி, லைனில் அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை. தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுகிறவரை வேலைக்கு வைக்காதீர்கள். அதன்பின் பைலட் தீயை ஊதி அணைத்துப் பார்ப்பேன். சற்று நேரத்தில் 'டக்' என்று வால்வு மூடிக்கொள்ளும் சத்தம் கேட்க வேண்டும். வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்க வைப்பேன். தீ அணைந்தால் கேஸும் நிற்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

கேஸ் வாசனை வந்தால்?

ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் சிலிண்டரை மூடுங்கள். பிறகு தள்ளி நின்று 1906-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள்.

வருடா வருடம் சர்வீஸ் வேண்டுமா?

வேண்டும். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த பர்னர் குழாய்க்குள் சிலந்தி வலை பின்னியிருக்கும். அது காற்றை மறைக்கும். அக்டோபரில், சீசனுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எந்த மாதத்தில் வேலையை ஆரம்பிக்கலாம்?

பிப்ரவரி முதல் மே வரை. சுவர் காய்ந்திருக்கும், துளை போட்ட பூச்சும் மழைக்கு முன் இறுகிவிடும். போடிமெட்டு வழியாகவோ உடுமலை வழியாகவோ சாமான் ஏறி வரவும் சிரமமில்லை. அதோடு ஜூன் மழையில் புகைக்குழாய் தாங்குகிறதா என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு, குளிருக்குத் தயாராகலாம். டிசம்பர் 20-ஆம் தேதி கூப்பிட்டு கிறிஸ்துமஸுக்குள் வைத்துத் தரச் சொல்கிறவர்களுக்கு நான் கம்பளி வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு, பிப்ரவரிக்குப் பெயரை எழுதிக்கொள்கிறேன்.